முள்ளியவளைக்குப் போன சாவி

கிளிநொச்சியில் இன்ரநெற் கடை வைத்திருந்தவர் ஒருநாள் என்னைப் பார்த்து, "தம்பியின்ரை மனுசிக்குத் தலைச்சுத்துக் குறைஞ்சிட்டுதோ அக்கா?" என்று கேட்டார். "ஓம், இப்ப பரவாயில்லை" என்று சிரித்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டேன். கரடிப்போக்குச் சந்தி தாண்டிய பிறகுதான் உறைத்தது. தம்பி இருப்பது நோர்வேயில். அவன் மனைவியின் தலைச்சுற்றைப் பற்றி அவன் எனக்கு மின்னஞ்சலில் எழுதியிருந்தான். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட.

வெயிலுக்குள் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் என் கடிதங்களை வாசிக்கிறார். வாசிப்பதோடு நிற்காமல் சுகமும் விசாரிக்கிறார். வாய்க்குள் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு வீடு இருந்த பரந்தன் வரைக்கும் மிதித்தேன்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. கோயிலில் ஐயர் திருநீறு தந்தாலும் மணந்து பார்த்துத்தான் பூசுவேன் என்று இவர் பகிடி பண்ணுவார். இவர் என்றால் என் கணவர். கூட்டுறவுக் கடையில் வேலை, யாரைக் கண்டாலும் நம்புகிற ஆள். ஒரு வீட்டில் இரண்டு பேரும் நம்புகிறவர்களாக இருந்தால் அந்த வீடு உருப்படாது என்பது என் எண்ணம்.

அது சமாதான காலத்தின் கடைசி வருடம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறிச் சனம் வவுனியாவுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் கடைகளில் ஆட்கள் கதைக்கும்போது குரலைத் தாழ்த்தத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. ஓர் அச்சகத்துக்குக் கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் வினாத்தாளும் தட்டச்சுச் செய்து கொடுப்பேன். சோலர் தகடும் ஒரு லொறிப் பற்றறியும்தான் மின்சாரம். வீட்டில் தொலைபேசி இல்லை. எழுதியதைப் பிளொப்பியில் ஏற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு டவுணுக்குப் போவேன். தம்பிக்கு எழுதும் கடிதமும் அதே பிளொப்பியில், அதே கடைக்காரரின் கைக்குத்தான் போகும்.

தலைச்சுற்றை அவர் வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அடுத்து நான் தம்பிக்கு எழுதவிருந்தது மகளைப் பற்றி.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது பதினேழு வயது. வீட்டுக்கு ஓர் ஆள் இயக்கத்தில் சேரவேண்டும் என்று படலையில் வந்து நின்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டில் கேட்டாயிற்று. அவளைத் தம்பியிடம் அனுப்பிவிடவேண்டும் என்று நானும் இவரும் முடிவெடுத்தோம். வன்னியை விட்டு வெளியே போவதற்கு இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் திரும்பி வருகிறவர்களுக்குத்தான். அவள் திரும்பமாட்டாள் என்று ஒரு காகம் அறிந்தாலும் எல்லாம் முடிந்தது. பிள்ளை படலைக்கு உள்ளே நிற்கவேண்டியதுதான், அவர்கள் வரும்வரைக்கும்.

கொமினிக்கேசன் என்கிற தொலைபேசிக் கடைக்குப் போய்த் தம்பிக்கு அழைப்பு எடுத்து, "நீ எழுதிறதை இஞ்சை ஊரே வாசிக்குது" என்று மட்டும் சொன்னேன். அவன் புரிந்துகொண்டான். லீவில் ஊருக்கு வந்த ஒருவரின் கையில் ஒரு சீடி கொடுத்துவிட்டான். அதற்குள் கடிதங்களைப் பூட்டுகிற ஒரு மென்பொருளும் அவன் தமிழில் எழுதிய விளக்கமும் இருந்தன. அது ஒரு சோடிச் சாவி செய்யும். ஒன்று பொதுச் சாவி, அதை எல்லாருக்கும் கொடுக்கலாம். மற்றது இரகசியச் சாவி, அதை ஒருவருக்கும் காட்டக்கூடாது. பொதுச் சாவியால் பூட்டியதை இரகசியச் சாவியால் மட்டுமே திறக்கலாம், அதற்கும் ஒரு கடவுச்சொல் வேண்டும்.

ஊருக்கெல்லாம் கொடுக்கிற சாவி எப்படிச் சாவியாகும் என்று எனக்குச் சந்தேகம். ஒரு கிழமை அந்த விளக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். கடைசியில், நான் கொடுத்துவிடுவது திறந்த பூட்டை என்று எடுத்துக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் அமத்திப் பூட்டலாம், திறப்பு என்னிடம்தான். அப்படி நினைத்த பிறகு மனம் கொஞ்சம் இறங்கி வந்தது.

சாவி செய்யும்போது கண்டபாட்டுக்கு விசைகளைத் தட்டு என்று கணினி கேட்டது. ஒரு தட்டச்சுக்காரியால் கண்டபாட்டுக்குத் தட்ட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் என் விரல்கள் 'சிவபதமடைந்தார்' என்றே போயின. பிறகு மகள் வந்து மேசையில் தாளம் போடுவதுபோல நாலு அடி அடித்தாள், சாவி பிறந்தது. கடவுச்சொல்லாக ஒரு நீள வசனத்தை வைத்தேன். எனக்கு ஏதாவது நடந்தால் என்று இவருக்கு மட்டும் அதைச் சொல்லிவைத்தேன்.

அதன் பிறகு கடைக்காரர் என் கடிதத்தைத் திறந்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் தெரியும். முதல்முறை அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். "அக்கா, உங்கடை பிளொப்பி பழுதாப்போச்சு" என்றார். "பரவாயில்லை தம்பி, பழுதோடையே அனுப்பிவிடும்" என்றேன். அன்றைக்கு வீடு வரும்வரைக்கும் எனக்குச் சந்தோஷம்.

தம்பி அங்கே ஒரு கல்லூரியில் இடம் தேடினான். இங்கே என்ன காரணம் சொல்லிப் பாஸ் எடுப்பது என்று இருவரும் எழுதி எழுதி யோசித்தோம். கடைசியில் கண் வருத்தம் என்று முடிவாயிற்று. பிள்ளைக்குக் கண்ணில் குறை, கொழும்பில் காட்டவேண்டும். அதை நான் இவரிடமும் சொல்லவில்லை. நேரம் வந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தார். இவருடைய அக்கா. முள்ளியவளையில் தனியாக இருந்தவர், முல்லைத்தீவில் ஓர் அரச கந்தோரில் தட்டச்சாளர். புருசன் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் ஐந்தாறு வருடங்களுக்கு முன்னர் இயக்கத்துக்குப் போனவள். மாலை போட்ட படம் மட்டும் வீட்டுக்கு வந்தது. மச்சாள் என் மகளை அருகில் இருத்தித் தலையைத் தடவினார். பிறகு அவளுடைய முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "கண்ணுக்கு இஞ்சை பாக்கேலாதோ, கொழும்புக்குத்தான் கொண்டுபோகவேணுமோ?" என்று கேட்டார்.

கண் என்ற கதை பூட்டிய கடிதத்துக்கு வெளியே எங்கும் இல்லை. மகளுக்கே தெரியாது. "கண்ணுக்கு ஒண்டும் இல்லையே மாமி" என்று அவள் சிரித்தாள். மச்சாள் என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினார்.

அவர் போனதும் இவரைப் பிடித்தேன். "உங்கடை கொக்காவுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

இவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "பிளொப்பியளைத்தான். எல்லாத்தையும் ஏத்திக் குடுத்தனான். உம்முடைய சாவி, கடிதங்கள், அந்தப் பூட்டுற சாமான் எல்லாம்."

"கடவுச்சொல்?"

"அதையும் மேலை எழுதி ஒட்டினனான். அதில்லாமல் கொப்பி என்னத்துக்கு?"

இதை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்கவேண்டும். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த வீடுகளில் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், சோதனைப் பெறுபேறு எதுவும் ஓர் இடத்தில் மட்டும் இருக்காது. வெவ்வேறு திசைகளில் இருக்கிற சொந்தங்களிடம் பிரதிகளைக் கொடுத்துவைப்போம். ஷெல் ஒரு திசையில் விழுந்தால் மற்றத் திசையில் இருப்பது தப்பும். அவர்களுடையதும் எங்களிடம் இருக்கும். முந்திய இடப்பெயர்வில் எங்கள் காணி உறுதி எரிந்தபோது மச்சாளிடம் இருந்த பிரதிதான் எங்களைக் காப்பாற்றியது. இவருக்குச் சாவியும் உறுதியும் ஒன்றுதான். பெறுமதியான சாமான் என்றால் அக்காவிடம் ஒரு பிரதி இருக்கவேண்டும்.

"இது கொப்பி எடுக்கிற சாமான் இல்லை!" என்று நான் போட்ட சத்தத்தில் மகள் குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"அக்கா ஆர்? பிறத்தி ஆளோ?" என்றார் இவர்.

பிறத்தி ஆள் இல்லை என்பதுதான் என் பயம். கந்தோரில் மச்சாளின் மேசையில் கணினி இருக்கிறது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், தம்பியின் பிள்ளை களவாகத் தப்பப்போகிறாள் என்று வாசித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? என் பிள்ளை மட்டும் ஏன் என்று மனம் கொதிக்காதா? ஒரு சொல், யாரிடமோ ஒரு பெருமூச்சோடு ஒரு சொல் போதும். கோள் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்குக் கொதித்திருக்கும், அதனால் அவருக்கும் கொதிக்கும் என்றே நம்பினேன்.

அடுத்த நாளே புதுச் சாவிச் சோடி ஒன்று செய்தேன். பழைய சாவி இனிச் செல்லாது என்று ஓர் அறிவித்தலையும் புதுப் பொதுச் சாவியையும் தம்பிக்கு அனுப்பினேன். இந்தமுறை கடவுச்சொல்லை இவருக்குச் சொல்லவில்லை. இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

தம்பியின் பதில் இரண்டு வரி, பூட்டாமலே வந்தது. 'நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இந்தப் புதுச் சாவியை நம்பமாட்டேன்.' கல்லூரிக் கடிதமும் கொழும்புத் தூதரகத்தில் நேர்முகத்துக்குக் கொடுத்த நாளும் அப்போது அவன் கையில் இருந்தன. அந்த நாள் தெரியாமல் நான் பாஸ் கேட்க முடியாது, பாஸ் கிடைப்பதே ஒன்றிரண்டு கிழமைக்குத்தான். நான் வளர்த்த பிள்ளை இப்படித்தான் இருப்பான் என்று ஒரு பக்கம் பெருமை. கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கவேண்டும் போல மறுபக்கம் ஆத்திரம்.

சாவியை உறுதிப்படுத்த ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு ரேகை உண்டு. இலக்கங்களும் ஆங்கில எழுத்தில் ஏ முதல் எஃப் வரையும் கலந்த ஒரு நீள வரிசை. என் திரையில் இருப்பதும் அவன் திரையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் சாவியை நடுவழியில் யாரும் மாற்றவில்லை என்று அர்த்தம். தொலைபேசியில் வாசித்துச் சரிபார்க்கவேண்டும். கொமினிக்கேசன் கடையில் ஒரு பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் தொலைபேசி, அந்தப் பக்கம் வாங்கில் உட்கார்ந்து வரிசையாகச் சனம். வெளிநாட்டுக்கு அழைப்பு எடுத்து 'நாலு, பி, ஒன்பது, எஃப்' என்று ஒரு பெண் வாசித்தால் அந்த நாளில் அவளை என்னவென்று நினைப்பார்கள்? நானே அந்த வாங்கில் இருந்தால் எழும்பிப் போய்க் காட்டிக்கொடுத்திருப்பேன்.

இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். எங்கள் ஊர்க் கொமினிக்கேசனில் இலக்கம் இலக்கமாக எதை வாசித்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்? சாதகக் குறிப்பு! கனடாவுக்கும் சுவிசுக்கும் நாள் தவறாமல் யாராவது ஒருவர் அங்கே நின்று பொம்பிளையின் குறிப்பையோ மாப்பிள்ளையின் குறிப்பையோ கத்தி வாசித்துக்கொண்டிருப்பார். வீட்டில் இருந்து ரேகையைத் தாளில் எழுதினேன். ஏ வந்த இடமெல்லாம் சூரியன், பீ சந்திரன், சீ செவ்வாய், டீ புதன், ஈ வியாழன், எஃப் வெள்ளி. கிழமை வரிசை. சனி மட்டும் மிஞ்சியது. சனி இல்லாத சாதகம் நல்லதுதானே.

"தம்பி, பிள்ளையின்ரை குறிப்பு வாசிக்கிறன், சரிபார்" என்றேன்.

"என்ன குறிப்பு? ஆருக்கு அக்கா கலியாணம்?"

"வாயைப் பொத்திக்கொண்டு நான் சொல்லுறதைக் கேள். நான் அனுப்பினது உனக்கு முன்னாலை கிடக்குத்தானே? ஒவ்வொண்டாப் பார். நாலு. சந்திரன். ஒன்பது. வெள்ளி. வெள்ளி. ரெண்டு. செவ்வாய்."

அந்தப் பக்கத்தில் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, திருப்பி ஒருக்கா?"

திருப்பி வாசித்தேன்.

"கிழமையோ அக்கா?" என்றான் மெல்ல.

"கிழமைதான். ஞாயிறிலையிருந்து துவங்கு."

பிறகு ஓடியது. நான் வாசிக்க வாசிக்க அவன் 'ஓம், ஓம்' என்றான். பாதி போயிருக்கும், வாங்கில் இருந்த ஒரு வயதான ஐயா தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, ஒரு சாதகத்திலை எத்தினை செவ்வாய்?" என்றார்.

"ரெண்டு பேற்றை குறிப்பும் சேர்த்து வாசிக்கிறன் ஐயா, பொருத்தம் பாக்க" என்றேன்.

"ரெண்டு பேர் எண்டாலும் கூடத்தான்" என்றார் அவர். ஆனால் இருந்துவிட்டார்.

கடைசி எழுத்து முடிந்ததும் தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "பொருத்தம் சரி அக்கா. இனிச் சந்தேகம் இல்லை. இப்பிடிக் குறுக்காலை யோசிக்கிற வேறை ஒரு மனுசி உலகத்திலை இல்லை" என்றான். அந்தக் கிழமையே பூட்டிய கடிதம் வந்தது, தூதரக நாளோடு.

அடுத்தது பாஸ். பாஸ் எடுக்கப் பிணை வேண்டும். போகிறவள் திரும்பி வருவாள் என்று வேறொருவர் கையெழுத்து வைக்கவேண்டும். வராவிட்டால் கையெழுத்து வைத்தவர் பதில் சொல்லவேண்டும், அதன்பிறகு அவரும் வன்னியை விட்டு அசைய முடியாது. அதே வீட்டுக்காரர் பிணை நிற்க முடியாது. இவர் கடையில் கூட வேலை செய்தவரிடம் கேட்டார். அவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் பிறகு கண்ணில் படவில்லை. நான் கேட்ட இரண்டு வீடுகளில் என் முகத்தைப் பார்க்காமலே கதைத்தார்கள். அவர்களில் பிழை இல்லை. நானும் நின்றிருக்கமாட்டேன்.

இவர் எனக்குச் சொல்லாமல் மச்சாளுக்கு ஆள் அனுப்பிவிட்டார். பாஸ் கொடுக்கிற இடத்துக்குப் போக வெளிக்கிட்டு நிற்கிறோம், மச்சாள் படலையைத் திறந்துகொண்டு வருகிறார். கந்தோருக்குப் போகிற சேலை, கையில் குடை. "உவவை என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள்?" என்று இவரின் காதுக்குள் கேட்டேன். "வேறை ஆர் இருக்கினம்?" என்றார் இவர்.

அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெடியன் இருந்தான். விண்ணப்பத்தைப் பார்த்தான், மகளின் கண்ணைப் பார்த்தான். பிறகு எங்களை விட்டுவிட்டு மச்சாளைப் பார்த்து, "அம்மா, பிள்ளை திரும்பி வருவாவோ?" என்று கேட்டான்.

என் மகளின் கையை நான் பிடித்திருந்தேன். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போகப்போகிறார்.

"வராமல்?" என்றார் மச்சாள். "அவளுக்கு நான் மாமி. என்ரை பிள்ளை எங்கை கிடக்கிறாள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நான் பொய்க்குக் கையெழுத்து வைப்பனோ?"

பெடியன் தலையைக் குனிந்துகொண்டு பேனையைக் கொடுத்தான்.

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காக மச்சாளோடு நானும் நின்றேன். இவரும் மகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கேட்காமல் விட என்னால் முடியாது.

"மச்சாள், அந்தப் பிளொப்பியளைத் துறந்தனீங்களோ?"

"துறந்தனான்" என்றார். "வச்சிருக்கிறது பூஞ்சணம் பிடிச்சுதோ எண்டு பாக்கவேணும்தானே. உறுதியளையும் வெயில்லை போடுறனான்தான்."

"வாசிச்சனீங்களோ?"

"எல்லாத்தையும் வாசிச்சனான். அவள் வரமாட்டாள் எண்டு தெரியும்."

நான் சந்தேகப்பட்டது சரி. ஆனால் அதில் ஒரு துளி நிம்மதியும் இல்லை. பஸ் தூரத்தில் வந்தது. மச்சாள் குடையை மடக்கினார். "என்ரை பிள்ளைக்காண்டி இப்பிடிக் கடிதம் எழுத எனக்கு வெளியிலை ஒருத்தரும் இருக்கேல்லை" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மகள் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தாள். இவர் கொழும்பு வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினார். மச்சாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெட்டை என்னையும் ஏமாத்திப்போட்டாள் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் இருத்தின வெயிலில் இருந்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் அதுவும் ஓய்ந்தது. அடுத்த வருடம் அவருக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோனால் வெட்டலாம் என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார். பாஸ் கேட்டோம். நீங்கள் பிணை நின்ற ஆள் வரட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். இவர் போய்க் காலில் விழாத குறை. நானும் போனேன். என் வாய் அங்கே எடுபடவில்லை.

"பிள்ளைக்கு எழுதிப்போடாதேயும்" என்று மச்சாள் என்னிடம் சொன்னார். "அவள் திரும்பி வாறன் எண்டு நிப்பாள்." எனக்கும் அது தெரியும். அவள் அப்படிப்பட்டவள்தான். மாரிக்கு முன்னரே மச்சாள் போய்விட்டார்.

மகள் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாள், மாமி சுகமோ என்று. மாமி சுகம், உன்னை விசாரித்தவா என்று நான் எழுதுவேன். செத்தவீடு முடிந்த பிறகும் அப்படித்தான் எழுதினேன். எழுதி முடித்து என் இரகசியச் சாவியால் கையொப்பம் இட்டு, அவளுடைய பொதுச் சாவியால் பூட்டி, பிளொப்பியில் ஏற்றிக்கொண்டு டவுணுக்குப் போவேன். அந்தக் கையொப்பம், எழுதியது நான்தான் என்றும் நடுவழியில் யாரும் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை என்றும் உறுதி சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அங்கே அவளுடைய திரையில் ஒவ்வொரு தடவையும் கையொப்பம் சரி என்று வந்திருக்கும். அவள் என்னை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.